சத்தம் கேட்டால் போதாது!

உலோகம் காட்டும் கருவி என்று சொன்னால் நம்மில் பலருக்கு உடனே நினைவு வருவது புதையல்தான். பாழடைந்த மண்டபம், நள்ளிரவு நேரம், தங்கக் காசு நிறைந்த குடம். எல்லாம் சினிமாவில் பார்த்த காட்சிகள்!

வேறு சிலருக்குக் கோயில் வாசல் நினைவு வரும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு சட்டத்துக்குள் நுழைந்து போக வேண்டும். இடுப்பில் சாவிக்கொத்து இருந்தால் அது 'கீக்' என்று கத்தும்.

புதையல் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆகவே புதையலை மறந்துவிடுவோம்.

நாம் இன்று பேசப் போவது வேறு ஒரு புதையலைப் பற்றி. அதைத் தேடுகிறவர்கள் அது கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடுகிறார்கள். அதன் இடம் ஒரு சாண் தவறினால் தேடுகிறவரின் கை போகும். சில சமயம் உயிரே போகும்.

அதன் பெயர் மிதிவெடி.

அக்கரையில் ஒரு காணி

விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம், செவலூர் முதலிய ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1983-ம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் இப்படிப் பல இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அவர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். சிலர் நம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலைக்கும் போகிறார்கள்.

அவர்களில் பலருக்கு அக்கரையில் சொந்த நிலம் உண்டு. 'காணி' என்பார்கள். பனைமரம் நின்ற காணி. கிணறு இருந்த வளவு. 2009-ம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. அப்படியானால் திரும்பிப் போய் உழுது பிழைக்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி சுலபம். பதில் மண்ணுக்குள் இருக்கிறது.

வட இலங்கையில் மிதிவெடி வைத்தவர்கள் ஒரு தரப்பினர் மட்டும் அல்ல. இலங்கை ராணுவம் வைத்தது. விடுதலைப் புலிகள் வைத்தார்கள். 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்திய அமைதிப் படையும் வைத்ததாகப் பதிவுகள் உண்டு. யார் வைத்தால் என்ன? போர் முடிந்ததும் படைகள் போய்விட்டன. வெடி போகவில்லை. அதற்குச் சமாதானம் தெரியாது. கால் வைப்பவன் சிப்பாயா, ஆடு மேய்க்கும் சிறுவனா என்றும் தெரியாது.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலையில் முகமாலை என்று ஓர் ஊர் உண்டு. பல ஆண்டுகள் இரு படைகளும் எதிரெதிரே நின்ற இடம் அது. உலகத்திலேயே மிதிவெடி மிக அடர்த்தியாகப் புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். அங்கே வரிசை வரிசையாக வெடிகளை நட்டிருந்தார்கள், வெங்காயம் நடுவது போல.

கருவி என்ன செய்கிறது?

இந்த வெடிகளைக் கண்டுபிடிக்கும் முக்கியமான கருவி உலோகங்காட்டி. ஒரு நீண்ட தடி. அதன் நுனியில் தட்டுப் போல ஒரு வளையம். வளையத்துக்குள் செம்புக் கம்பிச் சுருள். பாட்டரியிலிருந்து அதில் மின்சாரம் பாயும்போது சுற்றிலும் ஒரு காந்தப் புலம் உண்டாகிறது. அருகே உலோகம் இருந்தால் அந்த உலோகத்துக்குள்ளும் சிறிய மின்னோட்டம் எழும்பும். அது தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். கருவி அந்த மாறுதலை உணர்ந்து சத்தம் கொடுக்கும்.

கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? ஏறக்குறைய அது போலத்தான்.

ஆனால் கருவி சொல்வது ஒரே ஒரு செய்தி. 'இங்கே எங்கோ உலோகம் இருக்கிறது' என்பது மட்டுமே அது. எத்தனை ஆழம்? சொல்லாது. எவ்வளவு பெரிது? சொல்லாது. மிதிவெடியா, லாடமா, சோடா பாட்டில் மூடியா? சொல்லவே சொல்லாது. ஆழத்தில் கிடக்கும் பெரிய இரும்பும், மேலாகக் கிடக்கும் சின்ன ஆணியும் ஒரே மாதிரி கத்தக் கூடும்.

சத்தம் கேட்பது வேறு; இடத்தைக் காண்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு நாட்டின் ஜனாதிபதியே உயிர் விட்ட கதை உண்டு.

ஜனாதிபதியின் உடம்பில் குண்டு

1881-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் ரெயில் நிலையத்தில் ஒருவன் சுட்டுவிட்டான். ஒரு குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. டாக்டர்கள் சுத்தம் செய்யாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள்.

டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் உதவிக்கு வந்தார். உலோகம் அருகே வந்தால் ஒலி எழுப்பும் ஒரு கருவியை அவசரமாகச் செய்தார். உடம்பில் பழைய குண்டுகளைச் சுமந்த போர் வீரர்களிடம் சோதித்துப் பார்த்தார். சரியாக வேலை செய்தது.

ஆனால் ஜனாதிபதியின் படுக்கை அருகே கொண்டு போனதும் குழப்பம் வந்தது. பல இடங்களில் ஒலி கேட்டது. காரணம், படுக்கைக்குள் இரும்புச் சுருள்கள் இருந்தன! அதோடு, குண்டு வலப் பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை டாக்டர் முடிவு கட்டியிருந்தார். இடப் பக்கம் தேட அவர் விடவில்லை. செப்டம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி இறந்தார். உடலைச் சோதித்துப் பார்த்தபோது குண்டு இடப் பக்கம் இருந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் என்ன இரும்பு இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தாங்கள் நினைத்த இடத்தை விட்டு வேறு இடத்தில் தேடவும் இல்லை. இந்த இரண்டு தவறுகளும் இன்றைக்கும் மிதிவெடி தேடுகிறவர்களுக்குப் பாடமாக இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு ராணுவ எஞ்சினீயர் கோசாட்ஸ்கி என்பவர், ஒருவரே கையில் ஏந்திப் போகக் கூடிய மிதிவெடி காட்டும் கருவியை உருவாக்கினார். 1942-ல் எகிப்தின் எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. அதற்கு அவர் உரிமைக் காப்பு எதுவும் வாங்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இனாமாகவே கொடுத்துவிட்டார்.

நான்கு புள்ளி வைத்து நடுவைக் காண்பது

முகமாலையிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் பெண்கள். போரில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பெண்களும் அவர்களில் உண்டு. அந்தப் பெண் எப்படி வேலை செய்கிறார் என்று பாருங்கள்.

காலையில் களத்துக்கு வந்ததும் முதல் வேலை, கருவியைச் சோதிப்பது. தெரிந்த ஆழத்தில் புதைத்த ஒரு மாதிரித் துண்டுக்கு மேல் அதை ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வந்தால்தான் அன்றைக்கு அந்தக் கருவி வேலைக்கு உதவும். பாட்டரி மாற்றினால் மறுபடியும் சோதனை. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. முகத்துக்குத் தடித்த கண்ணாடி மறைப்பு; உடம்புக்குக் கவசம்.

அவருக்கு முன்னால் சுமார் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. தரையில் ஒரு கோல் கிடக்கிறது. கோலுக்குப் பின்னால் சுத்தமான நிலம். முன்னால் எமன். கோலைத் தாண்டி ஒரு விரல் கூடப் போகக் கூடாது. கண்ணால் பார்த்து, புல்லை மெல்ல நறுக்கி, பிறகுதான் கருவியை ஆட்டுகிறார்.

'கீக்!'

இப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சத்தம் வந்த இடத்தில் அவர் உடனே தோண்டுவதில்லை. கருவியை இடமிருந்து மெல்ல நகர்த்துகிறார். சத்தம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறார். பிறகு வலமிருந்து. பிறகு தன் பக்கமிருந்து முன்னோக்கி. பிறகு முன்னாலிருந்து தன் பக்கமாக. நான்கு எல்லைகள் கிடைத்துவிட்டன.

கோலம் போடும் பெண்களுக்கு இது உடனே விளங்கும். நான்கு புள்ளி வைத்து எதிரெதிர்ப் புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் நடு. அங்கேதான் பொருள் இருக்கிறது. அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைக்கிறார்.

அதிலும் ஏமாற்றங்கள் உண்டு. நீளமாகப் படுத்துக் கிடக்கும் கம்பி இரண்டு முனைகளிலும் கத்தி, இரண்டு பொருள் இருப்பதாக நினைக்க வைக்கும். இரும்புச் சத்து மிகுந்த மண்ணே சில சமயம் கருவியைக் கத்த வைக்கும்.

நடுவைக் கண்டாயிற்று. அங்கே குத்தலாமா? கூடவே கூடாது! மிதிவெடி மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும்படி செய்யப்பட்டது. ஆகவே அவர் மண்டியிட்டு, அடையாளத்துக்கு ஒரு சாண் இப்பால், தன் பக்கம், தோண்டத் தொடங்குகிறார். பள்ளத்தை இறக்கி, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டிக்கொண்டு பொருளை நெருங்குகிறார். வெடியாக இருந்தால் அதன் பக்கச் சுவர்தான் முதலில் கண்ணில் பட வேண்டும், தலை அல்ல.

இடத்தைச் சரியாகக் காண்பது ஏன் அவசியம் என்பது இப்போது புரிகிறதா? ஒரு சாண் தவறினால், பக்கத்தில் தோண்டுவதாக நினைத்துக்கொண்டு வெடியின் தலைமேலேயே தோண்டுவார்.

இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் கிடைப்பது என்ன? பெரும்பாலும் ஒரு துருப்பிடித்த தகரம். அல்லது ஓர் ஆணி. அல்லது ஷெல் சிதறல். ஒரு மிதிவெடி கிடைப்பதற்குள் நூற்றுக்கணக்கான தகரத் துண்டுகள் கிடைக்கும். ஆனால் நூறாவது தகரத்தை எடுக்கும்போதும் முதல் தகரத்துக்குக் காட்டிய அதே ஜாக்கிரதை வேண்டும். 'இதுவும் ஆணிதான்' என்று நினைத்த அன்றைக்கு அது ஆணியாக இராது.

துண்டை எடுத்த பிறகும் வேலை முடியவில்லை. அதே இடத்தில் மறுபடி கருவியை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆணிக்குக் கீழே வெடி இருக்கக் கூடும்.

கருவியும் தோற்கும் இடம்

மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக் உடல் கொண்டவை. மரப்பெட்டியில் செய்தவையும் உண்டு. உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். முகமாலை போன்ற போர்க்களத்திலோ மண் முழுவதும் ஷெல் துண்டுகள். கருவி ஓயாமல் கத்தும். ஓயாமல் கத்துகிற கருவியும் கத்தவே கத்தாத கருவியும் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட இடங்களில் கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு, நீண்ட கைப்பிடியும் பற்களும் உள்ள வாரியால் மண்ணை அணு அணுவாகச் சுரண்டி எடுக்கிறார்கள். இந்த முறை இலங்கையிலேயே உருவானது. களத்தில் நெல் வாரிய அனுபவம் உள்ள கைகள் உயிர் காக்க வாருகின்றன.

வேறு நாடுகளில் வேறு வழிகள். கம்போடியாவில் எலிகளைப் பழக்கியிருக்கிறார்கள். எலி உலோகத்தைத் தேடுவதில்லை. வெடிமருந்தின் வாசனையை மோப்பம் பிடிக்கும். ஆகவே தகரம் அதை ஏமாற்றாது. மகாவா என்ற எலி 100-க்கும் மேற்பட்ட வெடிபொருள்களைக் காட்டிக் கொடுத்தது. 2020-ல் அதற்குத் தங்கப் பதக்கம் அளித்தார்கள்!

பாதி சுத்தம் சுத்தமல்ல

இலங்கையில் நடந்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஹாலோ டிரஸ்ட், மேக் ஆகிய வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் 2002-லேயே அங்கே வேலையைத் தொடங்கின. பிறகு டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு நிறுவனங்கள் வந்தன. இலங்கை ராணுவத்திலும் இதற்கென ஒரு பிரிவு உண்டு. போர் முடிந்த பிறகு இந்திய சர்க்காரும் தன் செலவில் ஏழு குழுக்களை அனுப்பியது. 2017-ல் மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி இல்லாத மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, மிதிவெடிகளைத் தடை செய்யும் உலக ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது. நாடு முழுவதையும் சுத்தம் செய்ய அதற்குக் கிடைத்த கெடு 2028 ஜூன் 1.

ஆனால் இந்த வேலைக்குப் பணம் வேண்டும். பணம் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் மிதிவெடி அகற்றும் வேலை தடைபட்டது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் போலந்து, பின்லாந்து முதலிய நாடுகள் தடை ஒப்பந்தத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தன. கோசாட்ஸ்கி பிறந்த நாடே மிதிவெடி பக்கம் திரும்புவது வேதனை.

இதைப் பற்றி நம் கருத்து இதுதான். மற்ற வேலைகளில் பாதி முடிந்தால் பாதிப் பயன் உண்டு. பாதி வெட்டிய கிணற்றைக் கூட அடுத்த வருஷம் வெட்டிக்கொள்ளலாம். மிதிவெடி நிலத்தில் பாதிக்குப் பயன் இல்லை. நூறு வெடி எடுத்து ஒன்று மிச்சம் இருந்தால், அந்த நிலத்தில் எவனும் ஏர் பிடிக்க மாட்டான். எந்தத் தாயும் பிள்ளையை விளையாட விட மாட்டாள். பணம் குறைந்ததென்று கடைசி நேரத்தில் கைவிட்டால், இத்தனை ஆண்டுப் பொறுமையும் வீண்.

ஆகவே இந்திய சர்க்கார் மறுபடியும் உதவ முன்வர வேண்டும். இது தர்மம் அல்ல, கடமை. நம் படையும் நின்ற மண் அது. இந்தியா இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை என்பது உதவி செய்யத் தடையாகாது. ஏழு குழுக்களை முன்பு அனுப்பியபோதும் நாம் ஒப்பந்தத்தில் இல்லை.

முகாமிலிருந்து ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காணி உங்களுடையதுதான். ஆனாலும் சுத்தம் செய்து ஒப்படைத்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வரை அதில் கால் வைக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்கு விறகு பொறுக்கக் கூடப் போகாதீர்கள். பழைய இரும்பு விலைக்குப் போகும் என்று எதையும் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு மூன்றே வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: கிட்டே போகாதே, தொடாதே, பெரியவரிடம் சொல்.

நம் ஊருக்கும் இதே பாடம்

சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு வெடிமருந்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மருந்து அறையில் இரும்புக் கரண்டிக்கு ஏன் இடமில்லை என்று இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி. பொறி விழுந்தால் அறையே இல்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்ட உயிர்களை ஒரே நாளில் பறிகொடுத்த மாவட்டம் இது.

முகமாலையில் மண்டியிட்டு அமர்ந்த பெண்ணுக்கும், நம் ஊரில் மருந்து செலுத்தும் பெண்ணுக்கும் சட்டம் ஒன்றே. 'நேற்று ஒன்றும் ஆகவில்லையே' என்று இன்று அவசரப்படக் கூடாது. அங்கே அவசரப்படுத்த ஆள் இல்லை. ஒரு நாளில் ஒரு பாய் அகலம்தான் முடிந்தது என்றாலும் யாரும் கடிந்துகொள்வதில்லை. இங்கேயோ தீபாவளி நெருங்க நெருங்க, 'இன்னும் நாலு பெட்டி' என்ற குரல் கேட்கிறது. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதி மறந்து போகிறது. ஆபத்தான தொழிலில் வேகத்துக்குக் கூலி கொடுப்பதை முதலாளிகள் நிறுத்த வேண்டும். விதிப்படி வேலை நடக்கிறதா என்று அதிகாரிகள் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும்.

எந்த யந்திரமும் சத்தம் மட்டுமே கொடுக்கும். அந்தச் சத்தத்தின் நடுப்புள்ளியைக் கண்டு, ஒரு சாண் தள்ளி, பொறுமையாகச் சுரண்டுவது மனிதனின் வேலை. அந்தப் பொறுமைக்குக் கூலி கொடுக்கிற சமுதாயம் தன் பிள்ளைகளின் கைகால்களைக் காப்பாற்றிக்கொள்ளும்.